பலகாரமும் பாட்டும்: நம் திருநாள் வந்த வழி



ஒரு பங்கின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோவில் எழும்பிய ஆண்டு, பணியாற்றிய குருக்களின் வரிசை, கட்டி முடிக்கப்பட்ட பள்ளிகள், மண்டபங்கள் ஆகியவற்றைச் சொல்வது வழக்கம். இந்த யூபிலி மலரிலும் அவை தத்தம் இடத்தில் வருகின்றன. ஆயினும் பங்குப் பதிவேடுகளில் எழுதப்படாத இன்னொரு வரலாறும் நமக்கு உண்டு. திருநாளுக்கு நாம் எதைச் சமைத்தோம், எதைப் பாடினோம் என்பதே அது. அதன் ஏடுகள் நம் வீட்டு அடுக்களையிலும் நம் பெரியவர்களின் நினைவிலும் கிடக்கின்றன.

மலர் வேலைக்காகப் பெரியவர்களும் இளைஞர்களும் சேர்ந்து அமர்ந்த மாலைகளில், பேச்சு எங்கே தொடங்கினாலும் கிறிஸ்மஸ் பலகாரத்திலும் பாட்டிலும் வந்து நின்றது. "உரலில மாவு இடிக்கிய சத்தம் கேட்டாத்தான் எங்களுக்குக் கிறிஸ்மஸ்" என்றார் ஒரு பாட்டி. "அண்ணு பாட்டு எங்க வாயில இருந்துது மக்களே, இண்ணு அது பெட்டிக்குள்ள இருக்கு" என்றார் பழைய பாடகர் ஒருவர். "பாட்டா, அந்தப் பெட்டி வந்த பொறவுதானே எங்களைப்போல உள்ளவங்க பாடவே வந்தோம்" என்றார் கீபோர்டு வாசிக்கும் இளைஞர். நெடுநாள் நண்பர்களின் பேச்சாதலால் அது சிரிப்பில் முடிந்தது. ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு மெய்யான கேள்வி இருக்கிறது. எது நம் மரபு? எதைக் காக்க வேண்டும், எதைக் கைவிடலாம்? வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

மணியோசையும் முதல் செபமும்

நம் மாவட்டத்தில் கிறிஸ்தவக் குரல் முதலில் பெருந்திரளாக எழுந்தது கடற்கரையில். புனித சவேரியார் 1544-ஆம் ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கடலோர ஊர்களில் ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததாகத் தம் கடிதத்தில் எழுதினார். அவருடைய முறை மிக எளியது. கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருவில் நடப்பார். மணியோசை கேட்டுப் பிள்ளைகள் கூடுவார்கள். தமிழாக்கப்பட்ட செபங்களை அவர் சொல்ல, அவர்கள் சேர்ந்து உரக்கச் சொல்வார்கள். வீட்டுக்குப் போய்த் தாய் தந்தையருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் அதையே கற்றுக் கொடுப்பார்கள். பிற்பாடு 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ் நூல் இதே வழியில் வந்ததுதான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாத்தியமும் மேடையும் இல்லாத அந்நாளில், பிள்ளைகளின் மனப்பாடமே பாட்டுப் புத்தகமாயிருந்தது. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவர் எவரும் இல்லை. எல்லோரும் வாய் திறந்தார்கள்.

மலையடிவாரமாகிய நம் பகுதிக்கு மறைப்பணி வலுவாக வந்தது கொல்லம் மறைமாவட்டத்தின் கர்மேல் சபைக் குருக்கள் காலத்தில். 1930-இல் கோட்டாறு மறைமாவட்டம் உருவாகும் வரை நாம் கொல்லத்தைச் சேர்ந்தவர்கள். 2014 டிசம்பர் 22 முதல் குழித்துறை மறைமாவட்டத்தினர். நாட்டு ஆட்சியிலும் அப்படியே. 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணையும் வரை நம் தாத்தாமார் திருவிதாங்கூர்ப் பிரஜைகள். ஆகவே அவர்கள் வாயில் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்கின. நம் சாப்பாட்டு இலையிலும் அந்தக் கலப்பு இன்றுவரை இருக்கிறது.

இலத்தீன் பூசைக் காலம்

மூத்தவர்கள் நினைவில் இருக்கும் பழைய பூசை இலத்தீன் பூசை. அந்நாளில் கோவில் இசையை ஆண்டது 1903 நவம்பர் 22 அன்று திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட கட்டளை. கிரகோரியார் கானத்துக்கே முதலிடம் என்று அது வகுத்தது. பியானோவையும், மத்தளம், தாளம் போன்ற ஓசை மிகுந்த கருவிகளையும் கோவிலுக்குள் விலக்கியது. பேண்டு வாத்தியத்துக்கும் உள்ளே இடமில்லை. வெளியே நடக்கும் பவனியில் மட்டும் ஆயரின் அனுமதியோடு வரலாம். திருவழிபாட்டுப் பாடகர் குழுவில் பெண்களுக்கும் அது இடம் தரவில்லை. இன்று நம் பங்குகளின் பாடகர் குழுக்களில் பெண்பிள்ளைகளின் குரலே ஓங்கி ஒலிப்பதைக் கேட்பவர்களுக்கு இது வியப்பாயிருக்கும்.

இதன் விளைவு என்ன? பாடகர் சிலர் இலத்தீனில் பாட, மக்கள் செபமாலை சொல்லிக்கொண்டு பக்தியோடு முழந்தாளிட்டிருந்தார்கள். அவர்களுடைய சொந்தப் பாட்டு கோவிலின் வாசற்படிக்கு வெளியே வாழ்ந்தது. தேர்ப் பவனியிலும், வீட்டுச் செபத்திலும், கிறிஸ்மஸ் இராக்காலங்களில் விளக்கேந்தி வீடு வீடாகப் போன பஜனையிலும் அவர்கள் தாய்மொழியில் பாடினார்கள். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் நாளிலேயே வெளியிட்ட சுற்றுமடல், மக்கள் தங்கள் மொழியில் பாடும் பக்திப் பாடல்களை மதித்துப் பேணும்படி கேட்டுக்கொண்டது. வெளியே நின்ற பாட்டு உள்ளே வருவதற்குக் கதவு அப்போதே சற்றுத் திறந்துவிட்டது.

ஒருசந்தியும் பலகாரமும்

இனி அடுக்களைக்கு வருவோம். பழைய கிறிஸ்மஸ் பலகாரம் ஏன் அவ்வளவு ருசித்தது? பாட்டியின் கைப்பக்குவம் ஒரு காரணம். பசி மற்றொரு காரணம். கிறிஸ்மஸுக்கு முந்திய நாள் அக்காலத்தில் ஒருசந்தியும் சுத்தபோசனமும் கொண்ட நாள். அதோடு, நன்மை வாங்க வேண்டுமானால் நள்ளிரவு முதல் ஒரு சொட்டுத் தண்ணீரும் குடிக்கலாகாது என்பது சட்டம். 1953-இல் தண்ணீருக்கு விலக்குக் கிடைத்தது. 1957-இல் உபவாசம் மூன்று மணி நேரமாகக் குறைந்தது. 1964-இல் ஒரு மணி நேரமாயிற்று. 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் தபசு நாள்களின் ஒழுங்கையும் மாற்றியமைத்தார். இன்றைய பிள்ளைகள் டிசம்பர் முதல் வாரத்திலேயே கேக் தின்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் காத்திருந்து உண்பதில் உள்ள சந்தோஷத்தை அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

பலகாரங்களில் நம் ஊருக்கே உரியது முந்திரிக்கொத்து. பெயரில் முந்திரி இருந்தாலும் உள்ளே இருப்பது சிறுபயறு. பயறை மணம் வர வறுத்து, திரித்து, தேங்காயும் ஏலக்காயும் சேர்த்து, சர்க்கரைப் பாகில் உருட்டி, அரிசிமாவுக் கரைசலில் தோய்த்துத் தேங்காய் எண்ணெயில் பொரித்தெடுப்பார்கள். உருண்டைகள் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு முந்திரிப்பழக் கொத்துப்போல வரும். இங்கே சர்க்கரை என்றால் வெல்லம் என்பது நமக்குத் தெரியும். வெள்ளையாய் இருப்பது சீனி. பனையேறும் குடும்பங்களில் கருப்பட்டிப் பாகு. இதனுடன் முறுக்கு, அச்சு முறுக்கு, எள்ளுண்டை, ஏத்தங்காய் வற்றல். திருநாள் காலையில் ஆப்பமும் இறைச்சிக்கறியும்.

இவையெல்லாம் ஆதி முதல் நம்முடையவைதாமா? அச்சு முறுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பூப்போன்ற இரும்பு அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் முக்கும் அதே பலகாரத்தை ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள ஸ்வீடன், நார்வே நாட்டினரும் கிறிஸ்மஸுக்குச் செய்கிறார்கள். இறைச்சிக்கறிக்கு உறைப்பு ஊட்டும் வத்தல் மிளகாய் போர்த்துக்கீசியர் வழியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. கிறிஸ்மஸ் கேக்கின் கதையும் அருகாமையில்தான் உள்ளது. வடகேரளத் தலைச்சேரியில் மம்பள்ளி பாபு என்பவர் 1883-இல் ஓர் ஆங்கிலேயத் தோட்ட முதலாளி கொடுத்த மாதிரியைப் பார்த்துக் கேக் செய்தார் என்பர். நம் மலைப்பக்கத்து அன்றாட உணவான மரச்சீனியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிரே. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பரப்ப முனைந்தார்.

அந்த மரச்சீனிதான் நம் முன்னோரைக் காத்தது. இரண்டாம் உலகப் போரில் 1942 மார்ச் மாதம் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மா அரிசி நின்றுபோயிற்று. தன் தேவைக்குப் போதிய நெல் விளையாத திருவிதாங்கூர் தவித்தது. கிழங்கு அவித்து, கிடைத்தால் சாளைக் கறியோடு தின்று மக்கள் உயிர் பிடித்தார்கள். இடிக்க அரிசி இல்லாத வீட்டில் முறுக்கு ஏது, கொத்து ஏது? ஆயினும் அந்த ஆண்டுகளிலும் கிறிஸ்மஸ் வந்தது, பாலன் பிறந்தார். பலகாரம் இல்லாத கிறிஸ்மஸையும் நம் மக்கள் கொண்டாடியிருக்கிறார்கள் என்பதை மறக்கலாகாது.

இன்னொன்றையும் நேர்மையாய்ச் சொல்ல வேண்டும். அந்த உரலும் உலக்கையும் நினைவில் இனிக்கின்றன. இடித்தவர்களின் தோளுக்கு அவை இனிக்கவில்லை. வேலை முழுதும் பெண்கள் தலையில்தான் விழுந்தது. மாவு மில்லும் மிக்ஸியும் வந்தது அவர்களுக்கு விடுதலை. மில் வந்ததனால் மரபு கெட்டுவிடவில்லை. வீட்டுக்கு வீடு சேர்ந்து உருட்டுவதை விட்டு, கடையில் பெட்டி வாங்கி முடித்துக்கொள்ளும்போதுதான் ஏதோ ஒன்று நழுவுகிறது.

சங்கம் திறந்த கதவு

1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைப் பற்றிய தன் கொள்கைத்திரட்டை வெளியிட்டது. விசுவாசிகள் வழிபாட்டில் முழுமையாகவும் உணர்ந்தும் பங்குகொள்ள வேண்டும் என்பது அதன் உயிர்க்கருத்து. மறைபரப்பு நாடுகளில் மக்களுக்கென்று ஓர் இசை மரபு இருக்குமானால் அதை மதித்து இடம் கொடுக்க வேண்டும் என்றும் அது கற்பித்தது. 1965 முதல் படிப்படியாகத் தமிழ் பீடத்துக்கு வந்தது. 1969-இல் இந்திய ஆயர்கள் கேட்டுக்கொண்ட 12 மாற்றங்களுக்கு உரோமை இசைவளித்தது. ஆரத்தியும் குத்துவிளக்கும் பூசையில் இடம்பெற்றன. தபேலாவும் மிருதங்கமும் உள்ளே வந்தன. பின்னாலேயே கிதாரும் வந்தது.

கிதாரைக் கண்டு பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். சினிமா வாத்தியம் கோவிலுக்கு ஆகுமா என்றார்கள். உலகெங்கும் கிறிஸ்மஸ் இரவில் பாடப்படும் 'அமைதியான இரவு' பாடல் எப்படிப் பிறந்தது தெரியுமா? 1818 டிசம்பர் 24 இரவு, ஆஸ்திரிய நாட்டு ஓபெர்ன்டோர்ஃப் என்னும் சிற்றூர்க் கோவிலில், யோசேப்பு மோர் என்ற இளங்குரு எழுதியதற்கு ஆசிரியர் பிரான்ஸ் குரூபர் மெட்டமைக்க, கிதார் இசையோடுதான் அது முதன்முதலில் பாடப்பட்டது.

நாம் மிகவும் நம்முடையதென்று எண்ணும் ஆர்மோனியமும் அப்படியே. அது 1842-இல் பாரீஸ் நகரில் உரிமை பெற்ற கருவி. கல்கத்தாவில் அதைக் கையால் காற்றடிக்கும் பெட்டியாக மாற்றினார்கள். இந்திய இராகங்களுக்கு ஒவ்வாத அந்நியப் பெட்டி என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940-இல் அதற்குத் தடை போட்டது. 1971-இல்தான் தடை தளர்ந்தது. இன்று கீபோர்டைப் பற்றிச் சொல்லப்படும் குறையெல்லாம் ஒரு காலத்தில் ஆர்மோனியம் கேட்டுத் தேய்ந்த குறைதான். கிறிஸ்மஸ் குடிலும் புனித அசிசியார் 1223-இல் கிரேச்சியோ ஊரில் தொடங்கி வைத்தது. நம் இளைஞர்கள் வைக்கோலும் பாறையும் சுமந்து குடில் கட்டும்போது எண்ணூறு ஆண்டு கடந்த ஒரு வழக்கத்தைச் சுமக்கிறார்கள்.

வானொலியும் பெட்டியும்

எழுபதுகளில் வளைகுடா நாடுகளுக்குப் போன பிள்ளைகள் விடுமுறையில் டேப் ரெக்கார்டரோடு திரும்பினார்கள். திருச்சியில் 1977-இல் தோன்றிய கலைக்காவிரி போன்ற நிலையங்கள் கத்தோலிக்கப் பாடல்களை ஒலிநாடாவில் தந்தன. மணிலாவிலிருந்து வேரித்தாஸ் வானொலியின் தமிழ்க் குரல் சிற்றலையில் நம் வீடுகளுக்கு வந்தது. 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவில் வானொலி தொடங்கியது. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அது. இவற்றால் விளைந்த நன்மை பெரிது. எங்கோ ஒரு குரு இயற்றிய பாட்டு ஒரே ஆண்டில் நம் மலையடிவாரத்துப் பிள்ளைக்கும் மனப்பாடமாயிற்று.

இழப்பும் உண்டு. ஊருக்கு ஊர் வேறு வேறாயிருந்த மெட்டுகள் மறைந்தன. ஒலிநாடாவில் கேட்டதுபோலவே பாட வேண்டும் என்ற ஆசை வந்தது. அந்தச் சுருதியில் எட்டாதவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். இப்போது கைப்பேசியிலிருந்து பின்னணி இசையை ஓடவிட்டு ஒருவர் பாட, மற்றவர் கேட்கும் நிலை. பஜனை கேரல் பவனியாயிற்று. பவனி வண்டியில் ஏறிற்று. வண்டியில் சிங்காரி மேளமும் ஒலிபெருக்கியும் முழங்க, பாப்பா வேடமிட்டவர் மிட்டாய் வீசிச் செல்கிறார். வீட்டுக்குள் வந்து குடில் முன் நின்று பாடி, நோயாளியின் கட்டிலருகே செபித்துச் செல்ல நேரம் போதவில்லை. இலத்தீன் நாள்களில் நம் மக்கள் மொழி புரியாமல் மௌனமாயிருந்தார்கள். இன்று மொழி புரிந்தும் மௌனமாகிவிட்டால், சங்கம் திறந்த கதவை நாமே சாத்தியதாகாதா?

வேலி தாண்டிய தட்டு

பலகாரத்துக்கு இன்னொரு கடமையும் இருந்தது. திருநாளன்று வாழையிலை மூடிய தட்டு வேலி தாண்டி இந்து வீட்டுக்கும் இஸ்லாமியர் வீட்டுக்கும் போகும். ஓணத்துக்கும் பெருநாளுக்கும் அந்தத் தட்டு வெறுமையாகத் திரும்பி வராது. சிவராத்திரியில் சிவாலய ஓட்டம் திருநந்திக்கரை, திற்பரப்பு என்று நம் பாதைகள் வழியேதானே ஓடுகிறது! 1982 மார்ச் மாதம் மண்டைக்காட்டில் மூண்ட கலவரம் மாவட்டம் முழுதும் மனிதர் மனத்தில் சந்தேகத்தை விதைத்தது. அத்தகைய காலங்களில் முதலில் நின்றுபோவது அந்தத் தட்டுதான். உறவு மீளும்போது முதலில் திரும்புவதும் அதுவே. ஒலிபெருக்கிகளின் போட்டி ஊரைப் பிரிக்க வல்லது. ஒரு தட்டு முந்திரிக்கொத்து ஊரைச் சேர்க்க வல்லது. நட்டாலத்தில் பிறந்து 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் உயிர் கொடுத்த புனித தேவசகாயத்தின் நாள் பொங்கலை ஒட்டியே வருவதை இறைவனின் ஏற்பாடாகக் கருதி, அந்நாளிலும் அண்டை வீட்டாரோடு பகிர்ந்துண்போம்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தது. கடலோரத்தில் மீனவச் சகோதரர் பலர் கரை திரும்பவில்லை. நம் பக்கத்தில் ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன. அதன்பின் 25-ஆம் நாள் கிறிஸ்மஸ். துக்க வீடுகளில் நட்சத்திரம் தொங்கவில்லை, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. 2020-ஆம் ஆண்டுப் பாஸ்காவுக்கோ கோவில் கதவே திறக்கவில்லை. அவரவர் வீட்டில் அமர்ந்து அவரவர் குரலில் பாடினோம். எல்லாம் அடங்கிய அந்நாள்களில் எஞ்சியவை இரண்டு. பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோன கஞ்சி ஒன்று. நினைவிலிருந்து பாடிய பாட்டு மற்றொன்று.

நாம் செய்யத்தக்கவை

ஆகவே பெரியவர்களுக்கும் இளைஞர்களுக்கும் நடுவே நின்று என் தீர்ப்பைச் சொல்கிறேன். பழையது எல்லாம் ஒரு நாள் புதியதாக வந்ததே. ஆதலால் கீபோர்டும் வரலாம், கேக்கும் வரலாம். ஆனால் வருகிற எதையும் ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். அது மக்களைச் சேர்த்துப் பாட வைக்கிறதா, வேடிக்கை பார்க்க வைக்கிறதா? சேர்ந்து செய்யவும் கொடுக்கவும் தூண்டுகிறதா, வாங்கி வைத்துக்கொள்ள மட்டும் சொல்கிறதா?

யூபிலி ஆண்டின் நினைவாக மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன். ஒன்று, ஒவ்வோர் அன்பியத்திலும் கிறிஸ்மஸுக்கு முந்திய வாரம் ஒருநாள் ஒரு வீட்டு முற்றத்தில் கூடிப் பலகாரம் செய்வோம். ஆண்களும் பையன்களும் மாவு பிசையட்டும், பாத்திரம் கழுவட்டும். அதில் முதல் பங்கு திருநாள் கொண்டாட வழியில்லாத வீடுகளுக்குப் போகட்டும். இரண்டு, கேரல் பவனியில் ஒலிபெருக்கி இல்லாமல், வாயால் பாடி, நோயாளிகளின் வீடுகளுக்கு முதலில் செல்வோம். மூன்று, மூத்தவர்கள் நினைவில் மட்டும் வாழும் பழைய பாடல்களை இளைஞர்கள் தங்கள் கைப்பேசியிலேயே பதிவு செய்து, மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒன்றாகக் கற்றுக் கொடுக்கட்டும். பாட்டாவின் வாயும் பேரனின் பெட்டியும் அங்கே கைகோக்கும்.

பெத்லகேமில் முதல் கிறிஸ்மஸ் இரவில் பாடினவர்கள் வானதூதர்கள். கேட்ட இடையர்கள் கேட்டதோடு நிற்கவில்லை. எழுந்து போய்க் கண்டு, இறைவனைப் புகழ்ந்துகொண்டே திரும்பினார்கள். நாமும் அவ்வாறே செய்வோம். நம் அடுப்பங்கரைகளையும் நம் நாவுகளையும் பாலன் இயேசு ஆசீர்வதிப்பாராக!

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை